பெர்த்தில் தோட்டா கட்டப் பழகலாமா? அம்மா பயப்படுகிறார்

பட்டர்வொர்த் வாசகர், 6 ஜனவரி 2024

மார்ச்சில் வேலைக்கு பெர்த் போகிறேன். அங்கே என் சித்தப்பா லாங் ரேஞ்ச் ரைபிள் சுடுபவர், தோட்டாவை வீட்டிலேயே கட்டுகிறார், கடைச் சரக்கைவிட நன்றாக இருக்கும் என்கிறார். எனக்கும் பழக ஆசை. வெடிமருந்தை வீட்டு மேசையில் வைத்து அளப்பதா என்று அம்மா பயப்படுகிறார். உண்மையில் ஆபத்தா? பழகிய பிறகு கொஞ்சம் சாமானை பினாங்குக்குக் கொண்டு வரலாமா?

6 ஜனவரி 2024, இரவு 10.50

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கொண்டு வராதீர்கள். மருந்து, பிரைமர், ரவை, சுட்டு முடிந்த வெறும் கூடு, எதுவுமே வேண்டாம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியோடு தோட்டாவையும் சேர்த்துத்தான் பிடிக்கிறது, வெடிமருந்துக்கு 1957ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது, துப்பாக்கிக் குற்றங்களுக்கான 1971ஆம் ஆண்டுச் சட்டம் எவ்வளவு கடுமை என்று இங்கே வளர்ந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஞாபகத்துக்காக ஒரு கூடு எடுத்து வந்தேன் என்று விமான நிலையத்தில் விளக்கம் சொல்லும் நிலைமை உங்களுக்கு வரக்கூடாது. பெர்த்தில் 11 வருடம் இருந்துவிட்டுத் திரும்பியபோது ஒவ்வொரு சட்டைப் பையையும் வெளியே இழுத்துப் பார்த்துத்தான் பெட்டி கட்டினேன்.

இப்போது அம்மாவின் பயம். நாம் தோட்டா என்று ஒரே சொல்லில் சொல்வது நான்கு பொருள் சேர்ந்தது. பித்தளைக் கூடு, அடியில் பிரைமர் (அடி பட்டதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), உள்ளே மருந்து, வாயில் இலக்குக்குப் பறக்கும் ரவை. சுட்டதும் மருந்தும் பிரைமரும் எரிந்துவிடும், ரவை போய்விடும், கூடு மட்டும் மிஞ்சும். பித்தளை என்பதால் அதை மறுபடி அளவுக்கு அழுத்தி, புதுப் பிரைமர் போட்டு, மருந்து அளந்து ஊற்றி, புது ரவையை உட்கார வைக்கலாம். அவ்வளவுதான் வேலை. புகையில்லா மருந்து திறந்த இடத்தில் வெடிக்காது, சீறிக்கொண்டு எரியும். மேசை மேல் அது அமைதியான பொருள். ஆனால் .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு, உங்கள் காடி டயரில் இருப்பது 30, 35. அந்த 62,000 துப்பாக்கிக்குள் அடைபட்டு இருக்கும்போது உங்கள் கன்னம் அதற்குச் சில அங்குலம் பின்னால் இருக்கிறது. மேசையில் செய்த பிழை மேசையில் தெரியாது, சுடும் திடலில் முகத்துக்குப் பக்கத்தில்தான் தெரியும். அம்மா பயப்படுவது சரி, எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை மட்டும் கொஞ்சம் மாற்றிச் சொல்லுங்கள்.

7 ஜனவரி 2024, காலை

பசியாறிவிட்டு எழுதுகிறேன். நேற்று விட்டது ஒன்று: தராசு வேலை செய்யும்போது காற்றாடியை நிறுத்துங்கள்.

என் அப்பா ஜார்ஜ்டவுனில் பினாங்கு ஸ்ட்ரீட் பக்கம் ஒரு நகைக்கடையின் பின்கட்டில் பத்தராக இருந்தவர். பொன் நிறுக்கும்போது காற்றாடி ஓடக்கூடாது, யாரும் பேசக்கூடாது, எடையை நோட்டில் எழுதிய பிறகுதான் வாய் திறப்பார். சின்னப் பையனாக வியர்த்து ஒழுக ஒழுக அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ரீலோடிங்கில், அதாவது தோட்டாவை மறுபடி கட்டும் இந்த வேலையில், மருந்தை கிரெயின் கணக்கில் அளப்பார்கள். ஒரு கிரெயின் என்பது 0.065 கிராம், நம் குன்றிமணி எடையில் ஏறக்குறையப் பாதி. அதில் பத்தில் ஒரு பங்கு வரை நீங்கள் பார்க்க வேண்டும். மின் தராசு காற்றுக்கு ஆடும், பக்கத்தில் கைப்பேசி இருந்தால் சில தராசுகள் தடுமாறும், போட்ட பத்து நிமிடத்தில் ஒரு எண்ணும் அரை மணி கழித்து வேறு எண்ணும் காட்டும். அதனால் எடைக்கல் வைத்துச் சரிபார்க்காமல் தொடங்கவே கூடாது, நடுவிலும் ஒருமுறை, முடிவிலும் ஒருமுறை.

9 ஜனவரி 2024

ஈப்போ அண்ணன் சொல்கிறார்: ரைபிள் கூட்டில் தவறி இரண்டு முறை மருந்து ஊற்றினால் வழிந்துவிடும், அதனால் பயமில்லை. கூட்டை ஏறக்குறைய நிரப்பும் மெதுவான மருந்துக்கு அது பொருந்தும். ஆனால் கைத்துப்பாக்கிக்கான வேகமான மருந்து மிகக் கொஞ்சமே இடம் பிடிக்கும். அதைத் தவறுதலாக ரைபிள் கூட்டில் ஊற்றிவிட்டால் வழியவும் வழியாது, கண்ணுக்கும் பெரிதாகத் தெரியாது, துப்பாக்கி கையில் சிதறும். மருந்துகளில் வேகமாக எரிவது, மெதுவாக எரிவது என்று நீண்ட வரிசை இருக்கிறது. பழைய காலத்துக் கருப்பு வெடிமருந்து இந்த வரிசையிலேயே சேராது, அது முற்றிலும் வேறு சாதி. ஒன்றின் அளவை இன்னொன்றுக்கு எடுக்கவே முடியாது.

ஆகவே வழியவில்லை என்பதை வைத்துத் திருப்தி அடையாதீர்கள். கூடுகளைத் துளைப் பலகையில் நிற்க வைத்து, மருந்து ஊற்றி முடித்ததும், ரவை வைக்கும் முன் டார்ச் விளக்கால் ஒவ்வொன்றுக்குள்ளும் பாருங்கள். ஒன்றில் மட்டம் ஏறியோ இறங்கியோ இருந்தால் உடனே தெரியும்.

13 ஜனவரி 2024, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, ஈப்போ அண்ணனுக்கு எழுதியதிலிருந்து ஒரு விஷயம் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எனக்கு நடந்தது.

ஆஸ்திரேலியாவில் நீண்ட தூரம் சுடுபவர்கள் பெரும்பாலும் புழங்குவது நியூ சவுத் வேல்ஸில் முல்வாலா ஊரில் செய்யப்படும் ஏடிஐ மருந்து. அமெரிக்காவில் ஹாட்ஜ்டன் நிறுவனம் வார்கெட் என்ற பெயரில் விற்பது அங்கே ஏஆர்2208. எச்4350 என்று விற்பது ஏஆர்2209. நல்ல மருந்துகள். ஒரு எண்தான் வித்தியாசம், ஆனால் 2208 வேகமாக எரிவது, 2209 மெதுவானது. என்னிடம் இரண்டும் இருந்தன, .308க்கு ஒன்று, 6.5 கிரீட்மோர் என்ற இன்னொரு தோட்டா வகைக்கு ஒன்று.

ஒரு சனிக்கிழமை காலை .308 கட்டி முடித்தேன். மறுநாள் போட்டி என்பதால் மதியமே 6.5க்கு மாறினேன். 50 கூடு. எல்லாம் கட்டி, பெட்டியில் அடுக்கி, எடை எழுதி ஒட்டியாயிற்று. மருந்தை அளந்து விடும் அளவுக் குழாயில் மிஞ்சியதைப் புட்டியில் திருப்பி ஊற்றலாம் என்று பார்க்கிறேன், மேசையில் இரண்டு புட்டி, இரண்டும் மூடி திறந்து. குழாயில் இருப்பது எது? இரண்டுமே சின்னச் சின்னக் குச்சி மாதிரி இருக்கும், கண்ணால் பிரித்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. காலையில் 2208 புட்டியை எடுத்து உள்ளே வைத்தேனா? வைத்ததாக ஞாபகம். ஆனால் அது மேசையில் இருக்கிறதே. 2209இன் அளவை 2208இல் ஊற்றியிருந்தால் அந்தத் தோட்டா உச்ச அளவைத் தாண்டி எங்கேயோ போயிருக்கும்.

மைத்துனர் வந்து பார்த்தார். 90 சதவீதம் சரியாகத்தான் இருக்கும் என்றேன். அவர் சொன்னார், அப்படியானால் ஐந்து தோட்டாவை நீயே பொறுக்கி வெளியே வை, நான் சுடுகிறேன், நீ பக்கத்தில் நின்று பார். நான் பதில் பேசவில்லை. 50ஐயும் பிரித்தோம். ரவையைக் கழற்றுவதற்குச் சுத்தியல் மாதிரி ஒரு கருவி உண்டு, தரையில் தட்டத் தட்ட ரவை பின்வாங்கி வெளியே வரும். இரவு பதினொன்று வரை தட்டினோம். போட்டிக்குப் போகவில்லை.

இது மருந்து செய்தவர் மீது பழி இல்லை. புட்டியில் எண் பெரிதாக, தெளிவாகத்தான் இருந்தது. மேசையில் இரண்டு புட்டி வைத்தது நான். அன்றிலிருந்து மேசையில் ஒரே மருந்து, ஒரே பிரைமர் வகை, ஒரே ரவை. அளவுக் குழாயில் மருந்து இருக்கும்வரை அதன் புட்டி குழாயை ஒட்டியே நிற்கும். முடிந்ததும் புட்டிக்குள் திரும்பும், குழாயை விளக்கு வைத்துக் காலி என்று பார்ப்பேன், பிறகுதான் அலமாரி திறக்கும்.

13 ஜனவரி 2024, மதியம்

கொட்டிய மருந்தை என்ன செய்தீர்கள் என்று இரண்டு பேர் கேட்கிறார்கள். எது எது என்று தெரியாத மருந்தைக் கழிப்பதைத் தவிர வேறு வழியே கிடையாது. தோட்டத்துப் புல்லில் மெல்லியதாகத் தூவினோம். நைட்ரஜன் இருக்கிறது, புல்லுக்கு எருவாகும். குப்பைத் தொட்டியில் மட்டும் போடாதீர்கள்.

20 ஜனவரி 2024

தனிச்செய்தியில் வந்த கேள்வி: அழுத்தம் அதிகம் என்று எப்படித் தெரியும்? பிரைமர் தட்டையாவது, போல்ட்டை (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் தாழ்) தூக்க முடியாமல் கெட்டியாக இருப்பது, கூட்டின் அடியில் பளபளவென்று எஜெக்டர் (கூட்டை வெளியே தள்ளும் முளை) தடம் பதிவது, இவை எல்லாரும் சொல்வது. நானும் புதிதில் இதை வேதவாக்காக வைத்திருந்தேன். பிரைமர் உருண்டையாக இருக்கிறது, இன்னும் அரை கிரெயின் ஏற்றலாம் என்று ஏற்றியவன் நான்.

இப்போது அப்படி நினைக்கவில்லை. பிரைமர் தட்டையாவதற்குக் கூட்டை அளவுக்கு மேல் குறுக்கி அழுத்தியதும் காரணமாக இருக்கலாம், பிரைமர் உலோகம் மென்மையாக இருந்தாலும் ஆகலாம். மற்ற அடையாளங்கள் தெரியும்போது நீங்கள் ஏற்கனவே எல்லையைத் தாண்டியிருப்பீர்கள். அவை அளவுகோல் இல்லை, அபாய மணி. வேகம் அளக்கும் கருவி வாங்குங்கள். அந்த மருந்துக்கும் அந்தக் குழல் நீளத்துக்கும் கையேடு சொல்லும் வேகத்தைவிட அதிகமாக வருகிறதென்றால் அந்த வேகம் சும்மா வரவில்லை, அழுத்தத்தை விலையாகக் கொடுத்து வருகிறது. நிறுத்துங்கள்.

அளவு எங்கிருந்து எடுப்பது? மருந்து செய்பவரோ ரவை செய்பவரோ வெளியிட்ட கையேட்டிலிருந்து மட்டும். என்னிடம் எண் கேட்டு எழுதியவர்களுக்கு அதனால்தான் பதில் இல்லை, என் துப்பாக்கிக்குச் சரியான எண் உங்கள் துப்பாக்கிக்குச் சரி என்று எனக்குத் தெரியாது. கையேட்டில் தொடக்க அளவு இருக்கும், அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறுங்கள். தொடக்க அளவுக்குக் கீழேயும் போகாதீர்கள், மெதுவான மருந்தை மிகக் குறைத்து ஊற்றினாலும் அழுத்தம் தாறுமாறாக எகிறிய சம்பவங்கள் உண்டு. கூடு மாறினால், பிரைமர் மாறினால், ரவை மாறினால், ரவை உட்காரும் ஆழம் மாறினாலும்கூட மறுபடி கீழிருந்து. ராணுவக் கூடு சுவர் தடித்தது, உள்ளிடம் குறைவு, அதே மருந்து அதிக அழுத்தம் கொடுக்கும்.

27 ஜனவரி 2024

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறி இறங்கி இன்னும் கால் வலிக்கிறது. உட்கார்ந்தபடி பழைய குறிப்புகளைப் படித்ததில் ஒரு கேள்வி விட்டுப்போனது தெரிந்தது: இதையெல்லாம் எதற்காகச் செய்ய வேண்டும்?

தோட்டாவுக்குத் தோட்டா வேகம் மாறக்கூடாது என்பதற்காக. 1,000 கெஜத்தில் வினாடிக்கு 20 அடி வேக வித்தியாசம் ரவையை அரையடி, அதற்கு மேலும்கூட, மேலே கீழே தள்ளும். 100 கெஜத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் நீண்ட தூரக்காரர்கள் பத்தர் மாதிரி எடை பார்க்கிறார்கள். வேகத்துக்காகச் செய்வதில்லை, ஒரே சீருக்காகச் செய்கிறோம். இதைப் புரிந்துகொண்டவர் உச்ச அளவைத் தேடிப் போகமாட்டார், ஏனென்றால் நல்ல சீர் பெரும்பாலும் உச்சத்துக்குக் கீழேயே கிடைத்துவிடும். பாதுகாப்பும் குறி தவறாமையும் இந்த வேலையில் ஒரே பழக்கத்திலிருந்து வருகின்றன என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

28 ஜனவரி 2024

கிள்ளான் தம்பி கேட்டார், ஈரம் பட்டால் மருந்து கெடுமா? ஈரத்தில் மருந்து சோம்பும், வேகம் குறையும், ஆபத்தில்லை என்று அவசரமாகப் பதில் போட்டேன். பாதிதான் சரி. மூடி திறந்தே கிடந்து ஈரம் ஏறினால் மெதுவாகும், உண்மை. ஆனால் பெர்த் கோடையின் வறண்ட காற்றில் திறந்து வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் போய் வேகமாகும், அழுத்தம் ஏறும். ஆகவே இரண்டு பக்கமும் கெடுதல். குழாயில் இரவு முழுக்க விடாதீர்கள், மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

அப்புறம் வெயில். பெர்த்தில் கோடையில் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம், மூடிய காடிக்குள் கேட்கவே வேண்டாம். தோட்டா சூடானால் மருந்து வேகமாக எரியும். ஜூலைக் குளிரில் உச்சத்தை ஒட்டிப் பார்த்துவைத்த அளவு ஜனவரியில் போல்ட்டைப் பூட்டிவிடும். 2208, 2209 மாதிரி மருந்துகளைச் சூட்டுக்கு அதிகம் மாறாதபடி செய்திருக்கிறார்கள், மாறவே மாறாது என்று அர்த்தமில்லை. தோட்டாவை நிழலில் வையுங்கள், பல ரவுண்டு சுட்டுக் குழல் சூடாக இருக்கும்போது துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் தோட்டாவை ஏற்றிவைத்துவிட்டுக் காற்றைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

பழைய புட்டியைத் திறந்தால் புளித்த அமில வாடை, உள்ளே செம்பழுப்புப் புகை என்றால் மருந்து அழுகுகிறது. பயன்படுத்தாதீர்கள், வீட்டுக்குள்ளும் வைக்காதீர்கள்.

2 பிப்ரவரி 2024

அம்மாவிடம் சொல்ல வேண்டிய இன்னொன்று, இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஈயம். பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது, சுட்ட கூட்டின் உள்கரியில் அது இருக்கும். கூடு சுத்தம் செய்யும் இயந்திரத்தின் தூசியில் அது சேரும். சுத்தம் செய்த கூட்டை வீட்டுக்குள் சல்லடை போட்டுச் சலிக்காதீர்கள், வெளியே போய்ச் செய்யுங்கள், அல்லது தண்ணீர் வைத்துக் கழுவும் முறைக்குப் போங்கள். மேசைப் பக்கம் முறுக்கும் வேண்டாம், காப்பியும் வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். என் அண்ணி இதில் பிடிவாதமாக இருந்தார், சட்டையையும் மாற்றச் சொல்வார். நன்றிதான் சொல்ல வேண்டும்.

மருந்தைவிடப் பிரைமர்தான் எனக்குப் பயம். அடி பட்டால் வெடிப்பதற்கென்றே செய்தது அது. வாங்கிய தட்டிலேயே வைத்திருங்கள், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுத்தான் அதில் அடுக்கியிருப்பார்கள். கண்ணாடிப் போத்தலில் கொட்டி வைத்தால் ஒன்று வெடிக்க எல்லாம் சேர்ந்து வெடிக்கும். பிரைமர் அழுத்தும்போது கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். கெட்டியாக மாட்டினால் பலம் கொடுத்துத் தள்ளாதீர்கள், என்ன தடுக்கிறது என்று பாருங்கள். மருந்தை இறுக மூடிய இரும்புப் பெட்டியில் அடைக்கவும் வேண்டாம், தீப்பிடித்தால் அந்தப் பெட்டியே குண்டாகிவிடும். வாங்கிய புட்டியில், மர அலமாரியில், பூட்டி.

10 பிப்ரவரி 2024

கூட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு முறை சுடும்போதும் பித்தளை முன்பக்கம் நீளும். .308 கூடு 51.18 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. போனால் வாய் அறையின் முனையில் இடித்து ரவையை நெரிக்கும், அழுத்தம் ஏறும். நீண்டதை வெட்டிச் சீராக்குங்கள். நீண்டு நீண்டு அடிப்பக்கம் சுவர் மெலியும். வெளியே அடிக்குச் சற்று மேலே ஒரு பளபளப்பு வளையம் தெரிந்தால் அந்தக் கூட்டை நசுக்கிப் போட்டுவிடுங்கள். காகிதக் கிளிப்பை நிமிர்த்தி நுனியை மடக்கி உள்சுவரில் இழுத்துப் பார்த்தால் பள்ளம் விரலுக்குத் தெரியும். கூட்டை எத்தனை முறை சுட்டீர்கள் என்று பெட்டியில் எழுதாவிட்டால் இதெல்லாம் குருட்டு வேலை.

எஃப் கிளாஸ் (தொலைநோக்கி வைத்து நீண்ட தூரம் சுடும் போட்டி வகை) பற்றிக் கேட்ட கூலிம் நண்பருக்கு: பெயரிலுள்ள எஃப் கனடாக்காரர் ஜார்ஜ் ஃபார்க்கர்சனின் முதல் எழுத்து. அதன் எஃப்டிஆர் பிரிவில் .308, .223 தோட்டா இரண்டு மட்டும். புதியவருக்கு .308 போதும், தகவல் நிறைய, கூடு எங்கும் கிடைக்கும்.

24 பிப்ரவரி 2024

திடலில் நடப்பது. விசையை இழுத்தீர்கள், டிக் என்ற சத்தம் மட்டும். திறக்காதீர்கள். குழலை இலக்குப் பக்கமே வைத்து முப்பது வினாடியாவது பொறுங்கள், பற்றுவது தாமதமாகலாம். இதைவிட மோசமானது புஸ் என்ற பலவீனமான சத்தம். மருந்தில்லாத தோட்டாவில் பிரைமர் மட்டும் வெடித்து ரவையைக் குழலுக்குள் தள்ளி நிறுத்தியிருக்கும். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். அவசரமே வேண்டாம், துப்பாக்கியைக் காலி செய்து, போல்ட்டைக் கழற்றி, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்தது. போட்டியில் மணி ஓடினாலும் சரி.

3 மார்ச் 2024

அடுத்த வாரம் விமானம் என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கிருந்து எடுத்துப் போக ஒன்றுமில்லை, உரிமம் முதல் எல்லாம் அங்கே போய் முறைப்படி. ஒரு தடித்த அட்டை நோட்டு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், தேதி, மருந்தின் பெயர், புட்டியின் லாட் எண், எடை, கூடு எத்தனையாவது முறை, அன்றைய வெப்பம். செய்யும்போதே எழுதுங்கள், ராத்திரி எழுதலாம் என்று வைத்தால் ஞாபகம் தனக்கு வசதியான எண்ணை எழுதிக் கொடுக்கும். முதல் மூன்று மாதம் சித்தப்பா பக்கத்தில் இல்லாமல் மருந்துப் புட்டியைத் தொடாதீர்கள். யாராவது கைப்பேசியில் அழைத்தால் எடுக்க வேண்டாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால், ஊற்றிக்கொண்டிருந்த கூட்டைக் கவிழ்த்துக் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள்.

14 ஏப்ரல் 2024

புத்தாண்டு வாழ்த்துகளோடு பெர்த் போன பட்டர்வொர்த் வாசகரிடமிருந்து செய்தி. உரிமம் எடுக்கும் வேலை எல்லாம் நடந்துகொண்டிருக்கிறதாம், அதுவரை சித்தப்பா கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதுகிறாராம். நேற்று 20 தோட்டா. பன்னிரண்டாவதற்கு எடை எழுதும்போது சித்தி கூப்பிட்டிருக்கிறார், திரும்பிப் பார்த்தால் பன்னிரண்டுக்கு எதிரே ஒன்றுமில்லை. சித்தப்பா, நான் எடை பார்த்துத்தான் ஊற்றினேன், விடு என்கிறாராம். என்ன செய்வது என்று கேட்கிறார்.

பன்னிரண்டாவது எது என்று இப்போது பெட்டியில் பிரித்துக் காட்ட முடியுமா? முடிந்தால் அதை மட்டும் பிரியுங்கள். முடியாது என்றால் இருபதையும் பிரியுங்கள். சித்தப்பா கோபித்தால் பினாங்கில் ஒரு அண்ணன் சொன்னார் என்று சொல்லுங்கள், நான் வேண்டுமானால் அவரிடம் பேசுகிறேன்.